மஞ்சள் சீரமும் 18 என்ற எண்ணும்

லேபில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு வந்த சாம்பிள்களில் ஒன்று மட்டும் சென்ட்ரிபியூஜிலிருந்து எடுக்கும்போதே கண்ணை இழுத்தது. சீரம் அடர் மஞ்சள். பழுப்பைத் தொடுகிற மஞ்சள். காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 14.2 மி.கி. வந்தது. பார்த்த நிறத்துக்குப் பொருத்தம்தான். அடுத்து, கல்லீரல் செல்கள் உடைந்தால் இரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. நொதியைப் போட்டேன். 18 யூனிட். நார்மல். பதிவேட்டில் 18 என்று எழுதிவிட்டு அடுத்த டியூபைக் கையில் எடுத்தேன்.

மாலையில் ரிசல்ட்டுகளைச் சரிபார்க்கும் சீனியர் அக்கா அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார்.

“தம்பி, இந்த சீரத்தைப் பார்த்தியா?”

“பார்த்தேன்க்கா. ரொம்ப மஞ்சளா இருந்துச்சு.”

“அப்புறம் 18 வந்ததும் ஒண்ணும் தோணலையா?”

எனக்கு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை. மெஷின் 18 என்றது, நான் 18 என்று எழுதினேன். அக்கா திட்டவில்லை. அதே சீரத்தில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, 900 மைக்ரோலிட்டர் நார்மல் சலைனில் கலந்து, “இப்ப போடு” என்றார். 246 வந்தது. பத்து மடங்கு நீர்த்திருப்பதால் பத்தால் பெருக்க வேண்டும்: 2460.

18 எங்கே, 2460 எங்கே! அந்த நோயாளியின் கல்லீரல் செல்கள் கூட்டம் கூட்டமாக உடைந்துகொண்டிருந்தன. நான் எழுதியபடியே ரிப்போர்ட் போயிருந்தால், கல்லீரலுக்கு ஒன்றுமில்லை, பித்தக்குழாய் அடைப்புதான் என்று மருத்துவர் வேறு பக்கம் தேடப் போயிருப்பார். கை நடுங்கியது எனக்கு. பயோகெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கித்தான் வெளியே வந்திருந்தேன். அந்த மார்க் எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

அக்கா ஒரு தாளை எடுத்துப் போட்ட கணக்கை, இன்றைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு பேட்ச் மாணவர்களுக்கும் முதல் வாரத்திலேயே போட்டுக்காட்டுகிறேன். இங்கேயும் முழுதாகப் போடுகிறேன்.

எஸ்.ஜி.பி.டி., அதாவது ஏ.எல்.டி., அலனினிலிருந்து அமினோ தொகுதியை எடுத்து ஆல்பா கீட்டோகுளூட்டரேட்டுக்குக் கொடுக்கிறது. அலனின் பைருவேட் ஆகிறது. இந்த மாற்றத்தில் நிறம் எதுவும் வராது. கருவி பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் சீரத்தோடு கலக்கும் ரீஏஜென்ட்டிலேயே எல்.டி.ஹெச். என்ற இன்னொரு நொதியையும் என்.ஏ.டி.ஹெச். என்ற துணைப் பொருளையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உருவாகிற பைருவேட்டை எல்.டி.ஹெச். உடனுக்குடன் லாக்டேட்டாக மாற்றும். ஒவ்வொரு மூலக்கூறு மாறும்போதும் ஒரு என்.ஏ.டி.ஹெச். செலவாகும். என்.ஏ.டி.ஹெச். 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். செலவான பிறகு மிஞ்சும் என்.ஏ.டி. அங்கே உறிஞ்சாது. ஆக, 340-ல் ஓ.டி. (ஒளியை உறிஞ்சும் அளவு) எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அவ்வளவு ஏ.எல்.டி. இருக்கிறது என்று பொருள். இந்த 340 நானோமீட்டர் வழியைத் திறந்துவிட்டவர் 1930களில் ஓட்டோ வார்பர்க். இரத்தத்திலுள்ள ஏ.எஸ்.டி.யை (ஏ.எல்.டி.யின் இன நொதி) இப்படி இன்னொரு நொதியோடு கோத்து அளக்கலாம் என்று 1955-ல் ஆர்தர் கார்மென் காட்டினார். நாம் தினமும் போடும் டெஸ்ட்டின் பரம்பரை அது.

இனி எண்கள். நிமிடத்துக்குக் குறையும் ஓ.டி.யை யூனிட்டாக மாற்றப் பெருக்கும் ஃபேக்டர் 1768 என்று கிட் தாளில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். ரீஏஜென்ட் 1000 மைக்ரோலிட்டர், சீரம் 100, மொத்தம் 1100. சீரம் 11 மடங்கு நீர்த்திருக்கிறது. என்.ஏ.டி.ஹெச்.சின் மோலார் உறிஞ்சு திறன் 6220. பத்து லட்சத்தை 6220-ஆல் வகுத்தால் 160.8. அதை 11-ஆல் பெருக்கினால் 1768. அவ்வளவுதான். சாம்பிள் அளவை மாற்றினால் ஃபேக்டரும் மாறும் என்பது இப்போது யாரும் சொல்லாமலே விளங்கும்.

அந்த நோயாளிக்கு உண்மையில் 2460 யூனிட். 1768-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1.39 ஓ.டி. குறைய வேண்டும். ஆனால் ரீஏஜென்ட்டில் இருந்த மொத்த ஓ.டி.யே 1.3 சுற்றித்தான். சீரம் சேர்த்ததும் கருவி ஒரு நிமிடம் காத்திருந்து, அதற்குப் பிறகுதான் ரீடிங் எடுக்கத் தொடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்குள் இருந்த என்.ஏ.டி.ஹெச். முழுக்கத் தீர்ந்துவிட்டது. பந்தயம் முடிந்து மைதானம் காலியான பிறகு நாம் போய் நின்றிருக்கிறோம். நிமிடத்துக்கு 0.01 என்று சும்மா கிடந்த அசைவை 1768-ஆல் பெருக்கி 18 என்று கருவி காட்டியது. பொய் சொல்லவில்லை, அது பார்த்ததைச் சொன்னது. முதல் ரீடிங்கே 0.3-க்குக் கீழே இருந்ததை நான் பார்த்திருந்தால் போதும், 18-க்கு மதிப்பில்லை என்று அங்கேயே தெரிந்திருக்கும். அடைப்பினால் வரும் காமாலையில் ஏ.எல்.டி. ஓரளவே ஏறியிருப்பதும் உண்டு. அதனால் மஞ்சள் சீரம் என்றாலே ஆயிரக்கணக்கில் வர வேண்டும் என்பதில்லை. நிறத்தைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், ரியாக்‌ஷனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இப்போது பல அனலைசர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடித்து எச்சரிக்கைக் குறி போடுகின்றன. அந்தக் குறியைப் பார்க்காமலே ரிசல்ட்டை விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். குறி எதற்கு என்று தெரியாதவர்களுக்கு அது வெறும் ஓர் ஆங்கில எழுத்து.

அன்றிலிருந்து நான் பாடத்தைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தேன், இந்த முறை பெஞ்சில் நின்றுகொண்டு. செல்கள் குளுக்கோஸை உடைக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஒன்பதாவது படியில் ஈனோலேஸ், அதை ஃப்ளூரைடு தடுக்கும் என்று தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். சுகருக்கு எடுக்கும் சாம்பல் மூடி டியூபில் இருக்கும் வெள்ளைப் பொடி அந்த ஃப்ளூரைடுதான் என்பதை இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததே இல்லை. பாடம் ஓர் அறையில், வேலை ஓர் அறையில் என்று நடுவில் சுவர் இருந்தது.

அந்தச் சுவரை உடைக்க நான் இப்போது செய்வது ஓர் எளிய சோதனை. என் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, பாதியைச் சாதா டியூபிலும் பாதியை ஃப்ளூரைடு டியூபிலும் விடச் சொல்கிறேன். பிரிக்காமல் மேசை மேலேயே வைத்து, மணிக்கொரு முறை இரண்டிலும் கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, குளுக்கோஸ் போடுவோம். கடைசியாகச் செய்தபோது சாதா டியூபில் 96-இல் தொடங்கி ஒரு மணிக்கு 90, இரண்டு மணிக்கு 85, நான்கு மணிக்கு 75 என்று இறங்கியது. அறை வெப்பத்தில் பிரிக்காத இரத்தத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் குறையும் என்று பாடத்தில் இருப்பது அவர்கள் கண்ணெதிரே நடக்கிறது. டியூபுக்குள் வந்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஃப்ளூரைடு டியூபில்தான் மாணவர்கள் திகைப்பார்கள். அதில் முதல் மணியில் 92 ஆனது, பிறகு அப்படியே நின்றது. “தடுக்கும்னு சொன்னீங்களே சார், ஏன் நாலு குறைஞ்சுது?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தச் சோதனையே. ஈனோலேஸ் ஒன்பதாவது படி. வாய்க்காலின் கடைமடையை அடைத்தால் தலைமதகில் தண்ணீர் அந்த நொடியே நிற்காது. நடுவில் இருக்கிற இடமெல்லாம் நிரம்பும் வரை ஓடும். முதல் படியில் இருக்கும் ஹெக்ஸோகைனேஸ் அது வரை குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் சிட்ரேட் சேர்த்து அமிலத்தன்மையைக் கூட்டி, தொடக்கத்திலேயே நிறுத்துகிற டியூப்களும் வந்தன. அப்படிப்பட்ட டியூப் இல்லாத இடத்தில், ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிரித்துவிடுவதுதான் வழி. ஃப்ளூரைடு போட்டாயிற்று என்று சாம்பிளை மேசையில் ஆறப்போடுவது சரியல்ல.

அதே ஃப்ளூரைடு, யூரியா டெஸ்ட்டில் பயன்படும் யூரியேஸ் நொதியையும் தடுக்கும். ஆகவே சுகர் டியூபில் மிச்சம் இருக்கிறதே என்று யூரியாவையும் அதிலேயே போட்டால் குறைவாக வரும். ஒரு நொதியைத் தடுக்கிற பொருள் இன்னொன்றையும் தடுக்கக்கூடும் என்ற எண்ணம் தலையில் ஏறிவிட்டால் இதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

டியூப் விஷயத்தில் எனக்கு நேர்ந்த இன்னொன்று. பொட்டாசியம் 9.8, கால்சியம் 4.1, ஏ.எல்.பி. 12. இப்படி ஒரு ரிசல்ட். ஆள் நடந்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பொட்டாசியம் 9.8 உள்ளவர் அப்படி நடப்பது நம்பக்கூடியதல்ல. இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு குற்றவாளிதான்: இரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. சிவப்பு மூடி போட்ட சாதா டியூபில் இரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள். ஊதா டியூபில் இருப்பது பொட்டாசியம் இ.டி.டி.ஏ., எனவே பொட்டாசியம் ஏறும். இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும், எனவே கால்சியம் விழும். ஏ.எல்.பி. நொதி வேலை செய்ய துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், அவற்றையும் இ.டி.டி.ஏ. பிடுங்கிக்கொள்வதால் ஏ.எல்.பி. படுத்துவிடும். இரத்தம் எடுக்கும்போது சாதா டியூபை முதலிலும் ஊதாவைப் பின்னாலும் நிரப்பச் சொல்வதன் காரணம் இதுதான். காரணம் தெரியாதவர்களுக்கு அந்த வரிசை நான்கே நாளில் மறந்துபோகும்.

டிரிப் ஓடுகிற கையிலிருந்து எடுத்த சாம்பிளும் இதே வகைதான். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 5 கிராம், அதாவது ஒரு டெசிலிட்டரில் 5000 மி.கி. அது பத்தில் ஒரு பங்கு கலந்தாலே சுகர் சுமார் 500 கூடிவிடும். சோடியமும் புரதமும் அதே அளவுக்கு நீர்த்துக் குறையும். சுகர் மட்டும் எகிறி மற்றவை கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தால், இன்சுலின் போடுவதற்கு முன் இன்னொரு கையிலிருந்து சாம்பிள் கேளுங்கள்.

ஹீமோலைசிஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும்: சீரம் சிவந்தால் பொட்டாசியம், எல்.டி.ஹெச்., ஏ.எஸ்.டி. ஏறும். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆனால் பிரிக்காத இரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீரம் துளியும் சிவக்காமலே பொட்டாசியம் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குளிரில் சோடியம் பொட்டாசியம் பம்ப் ஓய்ந்துவிடும். உள்ளே இருப்பது மெல்லக் கசியும். பத்திரமாக வைத்தோம் என்று நினைத்துச் செய்வதே கெடுதலாக முடியும் இடம் இது.

சரி, அடிப்படை. மாணவர்கள் முதல் நாளே பெரிய அனலைசருக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறார்கள். நான் அவர்களைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். 1000 மைக்ரோலிட்டர் காய்ச்சி வடித்த நீர் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்க வேண்டும். பத்து முறை எடுத்து எடை போடு, பத்தையும் எழுது. முதல் நாள் ஒருவருக்கும் பத்தும் ஒத்துவராது. சிலர் பைப்பெட்டின் பொத்தானை இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சுவார்கள், அதிகம் வரும். சிலர் சட்டென்று விரலை விடுவார்கள். டிப்புக்குள் குமிழி ஏறும். சீரம் தண்ணீரைவிடப் பிசுபிசுப்பானது, அதற்கு இன்னும் நிதானம் வேண்டும். குளுக்கோஸுக்கு நாம் எடுப்பது வெறும் 10 மைக்ரோலிட்டர் சீரம். டிப்பின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டியிருக்கும் ஒரு துளி 1 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துடைக்காமல் ரீஏஜென்ட்டில் முக்கினால் 10 சதவீதம் கூடுதல். 118 சுகர் உள்ளவர் 130 ஆகிவிடுவார். வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோயைத் தீர்மானிக்கும் எல்லை. ஒரு துளி ஒருவரை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். இதைச் சொன்ன பிறகு டிப்பைத் துடைக்காத மாணவரை நான் பார்த்ததில்லை.

பீர் லாம்பர்ட் விதியையும் இதே போலத்தான். சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. அடர்த்தி தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்து, ஓ.டி. பாதி பாதியாகக் குறைவதை அவர்களே வரைபடத்தில் புள்ளி வைக்கட்டும். பிறகு மிக அடர்த்தியான கரைசல் ஒன்றைக் கொடுத்தால் புள்ளி கோட்டை விட்டுக் கீழே வளையும். லீனியாரிட்டி என்ற சொல் அந்த வளைவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிலைக்கும். கிட்டில் போட்டிருக்கும் எல்லைக்கு மேல் வந்தால் நீர்த்துப் போட வேண்டும் என்பதற்கும் தனியாக விளக்கம் தேவைப்படாது.

படிக்கும் முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்ட்டுகளைத் தனித்தனியாகப் படித்தால் பட்டியல் முடிவே இல்லாமல் நீளும். ரியாக்‌ஷனை வைத்துப் படித்தால் சுருங்கும். குளுக்கோஸ் (ஜி.ஓ.டி. பி.ஓ.டி. முறை), கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு, யூரிக் அமிலம்: இந்த நான்கிலும் வழக்கமான கிட்டுகளில் கடைசிக் கட்டம் ஒன்றே. அந்தந்த நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் அதைக்கொண்டு 4-அமினோஆன்டிபைரின் வகைச் சேர்மத்தைச் சிவப்பு நிறமாக்கும். வைட்டமின் சி நிறைய ஏற்றப்பட்ட ஒருவரின் இரத்தம் வந்தால் அது அந்தப் பெராக்சைடை இடையிலேயே சாப்பிட்டுவிடும், நான்கும் குறைவாக வரலாம். ஒரு ரியாக்‌ஷன் புரிந்தால் நான்கு டெஸ்ட்டின் குறைபாடும் கையில்.

கிரியேட்டினினுக்கு இன்றும் பரவலாக இருக்கும் ஜாஃபே ரியாக்‌ஷன் 1886-ல் வந்தது. காரமான பிக்ரேட் கிரியேட்டினினோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் தரும். அது கிரியேட்டினினை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, கீட்டோன்களோடும் சேரும். சர்க்கரை அதிகமாகிக் கீட்டோன் ஏறிய நோயாளிக்குக் கிரியேட்டினின் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். பிலிருபின் அதிகமிருந்தால் குறைத்துக் காட்டும். குறிப்பிட்ட நேர இடைவெளியில் மட்டும் ரீடிங் எடுக்கும் கைனெடிக் முறை வந்தது இந்தக் கலப்படத்தைக் குறைக்கத்தான். அந்த நேரத்தைக் கடைப்பிடிக்காமல் டியூபை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் முறையின் அர்த்தமே போய்விடும்.

கடைசியாகக் கண்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த சோதனை சீரம். இதில் நானும் தவறு செய்திருக்கிறேன். கண்ட்ரோல் எல்லைக்கு வெளியே வந்தால் மறுபடி போடுவேன், உள்ளே வரும் வரை போடுவேன், வந்த எண்ணை எழுதுவேன். அதன் பெயர் தரக் கட்டுப்பாடு அல்ல. லெவியும் ஜென்னிங்ஸும் 1950-ல் கொண்டுவந்த வரைபடமும் வெஸ்ட்கார்ட் 1981-ல் வகுத்த விதிகளும் ஒவ்வொரு நாள் எண்ணையும் தனியே பார்க்காமல் வரிசையாகப் பார்க்கச் சொல்கின்றன.

ஒரு முறை எஸ்.ஜி.பி.டி. கண்ட்ரோல் பத்து நாளும் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் பத்துப் புள்ளியும் சராசரிக் கோட்டுக்குக் கீழே, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் தாழ்ந்து. சராசரியிலிருந்து இரண்டு ஸ்டாண்டர்டு டீவியேஷனைத் தாண்டவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். சீரம் சேர்க்காமல் ரீஏஜென்ட்டை மட்டும் 340-ல் வைத்துப் பார்த்தேன். 0.78. கலந்து வைத்த ரீஏஜென்ட்டில் என்.ஏ.டி.ஹெச். தானாகவே சிதைந்துகொண்டிருந்திருக்கிறது. பாட்டில் தினமும் காலையில் வெளியே வந்து மாலை வரை மேசையில் இருந்தது தெரிந்தது. தொடக்கத்திலேயே 0.78 என்றால், ஏ.எல்.டி. ஆயிரத்தைத் தாண்டிய நோயாளிகூட இனி நார்மலாகத் தெரியக்கூடும். நான் 18 எழுதிய அந்த நாளைவிட மோசம்.

இப்போது எங்கள் பெஞ்சில் காலை முதல் வேலை அதுதான். ரீஏஜென்ட்டின் ஓ.டி.யைப் பார்த்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளில் தேதியோடு எழுத வேண்டும். வேலையை மாணவர்களிடமே கொடுத்திருக்கிறேன். நேற்று 1.31, இன்று 1.29. கிட் தாள் சொல்லும் எல்லை 1.0, அதற்குக் கீழே போனால் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கிறோம்.